எல்லைக்கு இந்தப் பக்கம் தெலுங்கு

கும்மிடிப்பூண்டியில் இருந்து சத்தியவேடு போகும் பேருந்தில் நடத்துநர் எந்த மொழியில் டிக்கெட் கேட்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆளைப் பார்த்து "எங்க போகணும்?" என்பார், இல்லாவிட்டால் "எக்கடிக்கி?" என்பார். பல நேரம் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி என்று திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரம் முழுவதும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன.

தெருவில் சிக்கல் இல்லாத இந்த இருமொழி வாழ்க்கை, பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததும் சிக்கலாகி விடுகிறது. தெலுங்கு வீட்டுப் பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும்? அதற்கு ஆசிரியரை யார் தர வேண்டும்? எத்தனை பிள்ளைகள் சேர்ந்தால் ஓர் ஆசிரியர் வருவார்? இந்தக் கேள்விகளுக்கு அரசு 1949 முதல் இன்று வரை என்னென்ன பதில் சொல்லி வந்திருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். எங்கள் வீடும் தெலுங்கு பேசும் வீடுதான். ஆனால் எனக்குத் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் தெலுங்கைப் பற்றிய கட்டுரையையும் தமிழில்தான் எழுத முடிகிறது :)

முதலில் எல்லைக் கதை. இது தெரியாமல் மற்றது புரியாது.

திருத்தணியை எடுத்துக் கொள்ளுங்கள். இந்த ஊர் முதலில் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1960-இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, மாவட்டம்தான் மாறிக் கொண்டே இருந்தது! 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன். ஆசிரியர் தினத்துக்குப் பேச்சுப் போட்டியில் அவரைப் பற்றிப் பேசாத மாணவர் இருக்க மாட்டோம். ஆனால் அவர் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்பதை அந்தப் பேச்சுகளில் நான் கேட்டதில்லை. அது மறைக்கப்பட்டது என்று சொல்ல வரவில்லை. மதராஸ் மாகாணம் இருந்த காலத்தில் ஒருவர் திருத்தணிக்காரராகவும் தெலுங்கராகவும் இருப்பது ஒரு செய்தியே அல்ல, அவ்வளவுதான்.

அது செய்தியானது 1950-களில். தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. "மதராஸ் மனதே" என்று அந்தப் பக்கம் முழங்கினார்கள். சென்னையைக் காக்கவும், சித்தூர் மாவட்டத்தில் தமிழர் வாழும் பகுதிகளை மீட்கவும் இந்தப் பக்கம் ம.பொ.சி. போராடினார். திருத்தணி வட்டாரத்தில் அவருக்குத் துணையாக நின்றவர் மங்கலங்கிழார் என்ற தமிழறிஞர். இவரைப் பற்றி நம் பாடப் புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் பேசலாம். இவர் ஊர் ஊராகப் போய்த் தமிழ் கற்பித்தவர், தமிழ்ச் சங்கம் வளர்த்தவர். ஏன் அந்த வேலை தேவைப்பட்டது? சித்தூர் மாவட்டத்தில் அன்று தெலுங்கின் கை ஓங்கி இருந்தது. வீட்டில் தமிழ் பேசிய பிள்ளைக்குப் பள்ளியில் தமிழ் கிடைப்பது அரிதாக இருந்தது. அதாவது, இன்று பள்ளிப்பட்டில் ஒரு தெலுங்குப் பெற்றோர் எதைக் கேட்கிறாரோ, அதையேதான் அன்று அதே வட்டாரத்தில் தமிழ்ப் பெற்றோர் கேட்டார்கள்.

எல்லைச் சிக்கலைத் தீர்க்க எச்.வி. படாஸ்கர் என்பவர் நடுவராக நியமிக்கப்பட்டார். அவர் கையில் எடுத்த அளவுகோல் எளிமையானது. கிராமம்தான் அலகு. அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் பாதிக்கு மேல் இருக்கிறார்களோ, அந்த மொழி மாநிலத்துக்கு அந்தக் கிராமம் போகும். ஆனால் நிலத் தொடர்ச்சியும் இருக்க வேண்டும். இதன்படி 1959-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் மதராஸ் மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது.

இந்தக் கணக்கில் உள்ள விஷயத்தைக் கவனியுங்கள். நூறு வீடு உள்ள ஓர் ஊரில் ஐம்பத்தைந்து வீடு தமிழ், நாற்பத்தைந்து வீடு தெலுங்கு என்று வைத்துக் கொள்வோம். ஊர் தமிழ்நாட்டுக்கு வந்துவிடும். நியாயம்தான், வேறு எப்படிப் பிரிக்க முடியும்? ஆனால் அந்த நாற்பத்தைந்து வீடும் ஒரே இரவில் "மொழிச் சிறுபான்மையினர்" ஆகி விட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இதே கதை தலைகீழாக நடந்தது. சத்தியவேட்டில் தமிழ் வீடுகள் சிறுபான்மை ஆயின. போராட்டத்தின் வெற்றி தோல்விகளைப் பற்றி நிறையப் பேர் எழுதி இருக்கிறார்கள். இந்த மிச்சக் கணக்கைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மிச்சக் கணக்கைக் கவனிக்க வேண்டும் என்று டில்லியில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மொழிவாரி மாநிலங்கள் வருவதற்கு முன்பே, 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு விதியை ஏற்றுக் கொண்டது. தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒரு சிறுபான்மை மொழி பேசும் பிள்ளைகள் மொத்தம் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால், அந்த மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும். 1956-இல் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் வந்தபோது 350-ஏ, 350-பி என்ற இரண்டு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது முதலாவது. மொழிச் சிறுபான்மையினருக்கு ஒரு சிறப்பு அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது இரண்டாவது. அதன்படி 1957-இல் மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் அலுவலகம் தொடங்கப்பட்டது. ஒரு மாவட்டத்திலோ வட்டத்திலோ 15 முதல் 20 சதவீதம் பேர் பேசும் மொழியில் முக்கிய அரசு அறிவிப்புகளை வெளியிட வேண்டும் என்பதும் மத்திய அரசு 1956-இல் தந்த பாதுகாப்புகளில் ஒன்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 40-க்கும் 10-க்கும் பின்னால் உள்ள வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் முழுக் கதையும் இதற்குள்தான் இருக்கிறது.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் உண்டு. ஒன்பது ஆனால்? விதியின்படி அரசுக்குக் கட்டாயம் இல்லை. இருக்கும் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், அடுத்தவர் வரத் தாமதம் ஆகிறது. அந்த ஓர் ஆண்டில் மூன்று பெற்றோர் பிள்ளைகளைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கோ ஆங்கிலப் பள்ளிக்கோ மாற்றி விடுகிறார்கள். ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் குறைகிறார்கள். பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் தேவை இல்லை என்று கோப்பில் எழுதலாம். எழுதுபவர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது, அவர் விதியைத்தான் எழுதுகிறார். இன்னொன்றும் உண்டு. தெலுங்கு வழியில் கற்பிக்க, தெலுங்கு வழியில் படித்து ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் உருவாகத் தெலுங்கு வழி உயர்நிலைப் பள்ளி வேண்டும். அதற்குத் தொடக்கப் பள்ளியில் இருந்து பிள்ளைகள் வர வேண்டும்... சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனால் போதும்.

இந்த நாற்பதும் பத்தும் சேர்வதற்கு வழியாக, சிறுபான்மை மொழிப் பெற்றோர் முன்கூட்டியே பிள்ளைகளின் பெயரைப் பதிவு செய்து கொள்ளப் பள்ளிகளில் ஒரு பதிவேடு வைக்கும் ஏற்பாடும் பாதுகாப்புகளில் சேர்க்கப்பட்டது. எங்கள் தெருவில் நான்கைந்து பெரியவர்களிடம் இந்தப் பதிவேட்டைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று உண்டு என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு தாத்தா மட்டும் "ரேஷன் கடையிலா?" என்று கேட்டார்.

யாரும் தெலுங்கைத் தடை செய்யவில்லை என்பது இதில் முக்கியம். தமிழ்நாடு அரசு தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது ஆகிய மொழிகளில் பாடநூல்களை அச்சிட்டுத் தருகிறது. 2011-இல் சமச்சீர் கல்வி வந்தபோது அந்தப் பாடங்களும் இம்மொழிகளில் வந்தன. பல நாடுகளில் சிறுபான்மை மொழிக்கு இது கூடக் கிடையாது. புத்தகம் உண்டு, விதி உண்டு, ஆணையர் உண்டு. வகுப்பில் நின்று அதைப் படித்துக் காட்டும் ஆள்தான் எண்ணிக்கையைப் பொறுத்து வருகிறார், போகிறார். ஒரு மொழிக்கு அரசு தரும் ஆதரவு என்றால் அது கடைசியில் ஓர் ஆசிரியர் பணியிடம்தான் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் அந்தப் பணியிடத்தைச் சுற்றி உள்ள காகிதம்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1968-இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கைக்கு மாறியது நமக்குத் தெரியும். அதன் பிறகும் பள்ளியில் பகுதி ஒன்று என்ற மொழிப் பாடத்தில் தமிழையோ அல்லது தாய்மொழியையோ எடுக்கலாம் என்ற நிலை நீடித்தது. ஒரு தெலுங்குப் பிள்ளை தெலுங்கு, ஆங்கிலம் என்ற இரண்டு மொழிகளோடு, தமிழே எழுதாமல் பத்தாம் வகுப்பு முடிக்க முடிந்தது. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் வெளியே வருவது அந்தப் பிள்ளைக்கே நல்லதல்ல. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

2006-இல் தமிழ்நாடு தமிழ் கற்பித்தல் சட்டம் வந்தது. 2006-07-இல் முதல் வகுப்பில் இருந்து தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, 2015-16-இல் பத்தாம் வகுப்பு வரை எல்லோரும் பகுதி ஒன்றில் தமிழ் படிக்க வேண்டும். தாய்மொழி வேறாக இருப்பவர்கள் அதைப் பகுதி நான்கில் விருப்பப் பாடமாகப் படிக்கலாம். மாநில மொழியைக் கூடுதலாகப் படிக்கச் சொல்வது சிறுபான்மையினர் உரிமையைப் பறிப்பது ஆகாது என்று மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2004-இல் சொல்லி இருந்ததால், சட்டத்தின் அடிப்படை உறுதியாகவே இருந்தது. முதல் வகுப்பில் இருந்து படிப்படியாகக் கொண்டு வந்த முறையும் நல்ல முறை. பத்தாண்டு அவகாசம் என்பது குறைவல்ல.

அப்படி இருந்தும் 2016 பொதுத் தேர்வு நெருங்கியபோது நூற்றுக் கணக்கில் மாணவர்களும் பள்ளிகளும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தது. ஏன்? அவர்கள் தரப்பில் முக்கியமாகச் சொல்லப்பட்டது "தமிழ் வேண்டாம்" என்பது அல்ல. சிறுபான்மை மொழிப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கத் தமிழாசிரியர்களே நியமிக்கப்படவில்லை, கற்பிக்காத பாடத்தில் தேர்வு எழுதச் சொன்னால் எப்படி என்பதுதான். மறுபடியும் ஆசிரியர் பணியிடம்! தெலுங்குக்கு ஆசிரியர் இல்லை என்பது பழைய குறை. இப்போது அதே பள்ளியில் தமிழுக்கும் ஆசிரியர் இல்லை. நீதிமன்றம் அந்த ஆண்டுக்கு விலக்கு தந்தது. பிறகு விலக்கு நீண்டது. 2019-இல் மீண்டும் வழக்கு, 2020 முதல் 2022 வரை விலக்கு. (இதில் 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. எல்லோரும் தேர்ச்சி. எந்த நீதிமன்றமும் தர முடியாத விலக்கைக் கிருமி தந்து விட்டது.) 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓர் ஆண்டு விலக்கு தந்தது.

இந்த விலக்குகளை ஒரு வெற்றியாக என்னால் பார்க்க முடியவில்லை. விலக்கு வாங்கிய பிள்ளை தமிழ் எழுதத் தெரியாமலேயே பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறது. விலக்கு வாங்காத பிள்ளை தாய்மொழியைக் கைவிட்டு விட்டுப் போகிறது. ஏனென்றால் விருப்பப் பாடத்தின் மதிப்பெண் அந்த ஆண்டுகளில் தேர்ச்சிக்குக் கணக்கில் வராது. கணக்கில் வராத பாடத்தைப் பத்தாம் வகுப்பில் யார் படிப்பார்கள்? நாம் எல்லோரும் மாணவர்கள்தானே, நமக்குத் தெரியாதா! ஓவிய வகுப்பையும் விளையாட்டு வகுப்பையும் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவது போல இந்த வகுப்பும் கடன் போகும். பிறகு 2024-25 கல்வியாண்டு முதல் சிறுபான்மை மொழிப் பாடத்துக்கும் மற்ற பாடங்களைப் போல 35 தேர்ச்சி மதிப்பெண் என்று அரசு முடிவு செய்தது. இது தாமதமாக வந்தாலும் சரியான மாற்றம் என்று நினைக்கிறேன். மதிப்பெண் என்ற ஒன்று இருந்தால் பாடவேளை இருக்கும், பாடவேளை இருந்தால் ஆசிரியர் கேட்கலாம்.

சட்டத்தை விட்டுவிட்டு மொழிக்குள் போவோம். இங்கே வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தெலுங்கும் புத்தகத் தெலுங்கும் ஒன்றல்ல. "போய்க் கொண்டிருக்கிறேன்" என்பதற்கு எங்கள் பாட்டி "போதா உண்டா" என்பார். புத்தகத்தில் "வெள்துன்னானு" என்று இருக்கும். கடையை நாங்கள் "அங்கடி" என்போம், கடலோர ஆந்திரத்தில் "கொட்டு" என்பார்கள். (அங்கடி நம் பழந்தமிழ் அங்காடிதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.) பேச்சுக்கு நடுவே பாதித் தமிழ் கலந்திருக்கும். விஜயவாடாவில் இருந்து வரும் உறவினர்கள் எங்கள் தெலுங்கைக் கேட்டுச் சிரிப்பார்கள், "அரவத் தெலுங்கு" என்பார்கள். அரவம் என்றால் அங்கே தமிழ். இங்கே தெலுங்குக்காரர், அங்கே போனால் தமிழர். பள்ளியில் தெலுங்குப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு, இது நம் மொழியா என்ற சந்தேகம் முதல் நாளே வரும்.

பேச்சு மொழியைப் பள்ளிக்குள் விடலாமா என்ற சண்டை தெலுங்கில் நூறு ஆண்டுப் பழமை உடையது. அது நடந்ததும் நம் சென்னையில்தான். கிடுகு ராமமூர்த்தி (1863-1940) என்பவர் மக்கள் பேசும் தெலுங்கிலேயே பாடநூல் எழுத வேண்டும், தேர்வும் எழுத அனுமதிக்க வேண்டும் என்று போராடினார். 1911-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதராஸ் பல்கலைக்கழகத்தில் இது பெரிய விவாதமாகி, பண்டிதர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 1914-இல் குரஜாட அப்பாராவ் நீண்ட மாற்றுக் கருத்துக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அன்று தோற்றது பேச்சு மொழிக் கட்சி. ஆனால் இன்று தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடப்படுவது கிடுகுவின் பிறந்த நாளான ஆகஸ்ட் 29. இதே கிடுகு சவரர் என்ற பழங்குடியினரின் மொழியைக் கற்று, அவர்கள் பிள்ளைகளுக்கு வாசகம் எழுதி, பள்ளியும் நடத்தினார். அவருடைய சவர மொழிக் கையேட்டை 1931-இல் மதராஸ் அரசு அச்சகமே வெளியிட்டது. எழுத்தில்லாத ஒரு மொழிக்கு அன்றைய அரசு செய்த உதவி அது. திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர்கள் நிறைய வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசும் மொழிக்கு இங்கே ஒரு கிடுகு கிடைக்கவில்லை.

வீட்டு மொழி "கொச்சை", பள்ளி மொழி "சுத்தம்" என்ற இந்த வழக்கைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவாக ஸ்காட்ஸ் என்று ஒரு மொழி உண்டு (கேலிக் மொழி வேறு, அது அயர்லாந்து மொழியின் உறவு). ராபர்ட் பர்ன்ஸ் கவிதை எழுதியது இந்த ஸ்காட்ஸில்தான். 1872-இல் ஸ்காட்லாந்தில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. பள்ளி முழுவதும் ஆங்கிலம். ஸ்காட்ஸ் பேசிய பிள்ளை அடி வாங்கியது. 1946-இல் கூட ஓர் அரசு அறிக்கை, இது படித்தவர்களின் மொழி அல்ல, கல்விக்கு ஏற்றதும் அல்ல என்று எழுதியது. இத்தனைக்கும் ஜனவரி 25 அன்று பர்ன்ஸ் விழாவை மட்டும் ஆண்டுதோறும் அமர்க்களமாகக் கொண்டாடினார்கள். வருடத்தில் ஒரு நாள் மாலை, மீதி நாள் பிரம்பு!

பிறகு காற்று மெதுவாகத் திரும்பியது. 2001-இல் பிரிட்டன், ஐரோப்பியச் சிறுபான்மை மொழிகள் சாசனத்தின் கீழ் ஸ்காட்ஸை அங்கீகரித்தது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் முதல் முறையாக அதைப் பற்றிக் கேட்டார்கள். 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்றார்கள். அந்தக் கேள்விக்கு முன்பாக ஒரு சுவையான வேலை செய்தார்கள். பலருக்குத் தாங்கள் பேசுவது ஸ்காட்ஸா, கொச்சை ஆங்கிலமா என்றே தெரியாது. அதனால் பேச்சு மாதிரிகளை இணையத்தில் போட்டு, "இதைக் கேளுங்கள், நீங்கள் பேசுவது இதுதானா?" என்று கேட்டார்கள். 2015-இல் அரசு தனி ஸ்காட்ஸ் மொழிக் கொள்கை வெளியிட்டது. 2025-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய மொழிகள் சட்டம் கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் அதிகாரப்பூர்வ நிலை தந்தது.

ஸ்காட்ஸுக்கும் எங்கள் தெலுங்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்காட்ஸுக்கு நெடுங்காலம் சட்டமும் இல்லை, புத்தகமும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் பேசுகிறவர்கள் பேசிக் கொண்டே இருந்தார்கள். திருவள்ளூர் தெலுங்குக்குச் சட்டம், புத்தகம், கணக்கு மூன்றும் முதலில் இருந்தே உண்டு. போதாததற்குப் பக்கத்திலேயே ஒரு மாநிலம் முழுவதும் அந்த மொழிக்கு இருக்கிறது. "உங்களுக்கென்ன, ஆந்திரா இருக்கிறதே" என்று கூட ஒரு நண்பன் கேட்டான். ஆந்திராவில் என்ன நடந்தது தெரியுமா? 2019 நவம்பரில் அந்த அரசு தன் பள்ளிகளில் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை ஆங்கில வழியைக் கட்டாயமாக்க ஆணை போட்டது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தெலுங்கு நாட்டிலேயே தெலுங்கு வழிக் கல்விக்காக நீதிமன்றம் போக வேண்டி இருந்தது என்றால், கும்மிடிப்பூண்டித் தெலுங்குக்கு அங்கிருந்து எவ்வளவு கை கொடுக்க முடியும்? நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளின் நிலையும் இதேதான். 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கியது பெருமையான விஷயம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போவதில்லை.

எங்கள் பக்கத்திலும் ஆங்கிலம்தான் இப்போது உண்மையான போட்டி. 2013-ஐ ஒட்டி அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்த பிறகு, தெலுங்கு வீடும் தமிழ் வீடும் ஒரே வரிசையில் நின்று அங்கே சேர்க்கின்றன. சிப்காட்டில் வேலை கேட்டுப் போகிறவரிடம் கம்பெனிக்காரர் தாய்மொழியைக் கேட்பதில்லை. ஆனால் பயன்படும் மொழி என்று வந்தால் அங்கே நடப்பது வேடிக்கை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தேநீர்க் கடையில் கால் மணி நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் காதில் விழும். கடைக்காரர் ஐந்திலும் சில்லறை கேட்பார். எந்தச் சட்டமும் அவருக்குக் கற்றுத் தரவில்லை!

இந்தப் புது மொழிகளைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 1949 விதி தெலுங்குக்கென்று எழுதப்பட்டதல்ல, எந்த மொழிக்கும் பொருந்தும். மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவில் இருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆறு ஏழு மாதம் இருந்து விட்டு மழைக்கு முன் ஊர் திரும்புவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகச் சூளைகளுக்கு அருகிலேயே வகுப்பு வைத்து, ஒடியா பாடப் புத்தகங்களை வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களைக் கொண்டே கற்பித்த முயற்சி திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் நடந்தது. கட்டடம் இல்லை, நிரந்தர ஊழியர் இல்லை. ஆனாலும் அந்த ஆறு மாதமும் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு அறுந்து போகவில்லை. ஊர் திரும்பினால் அதே புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திறக்கலாம். என் பார்வையில் எங்கள் மாவட்டத்தில் மொழிக்கு அரசும் மற்றவர்களும் செய்த உதவிகளில் உருப்படியானது இதுதான். முதலில் ஆளைப் பிடித்தார்கள், விதியைப் பிறகு பார்த்துக் கொண்டார்கள்.

கடைசியாகக் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 42 லட்சத்துக்கும் மேல், 5.87 சதவீதம். தமிழுக்கு அடுத்த இடம். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போய், 2027-ஐ ஆண்டாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. நம் நாட்டுக் கணக்கெடுப்பில் தாய்மொழி எது என்று கேட்பார்கள், தெரிந்த பிற மொழிகள் இரண்டைக் குறித்துக் கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியுமா என்றும் கேட்பார்கள், ஆனால் எந்த மொழியில் என்று கேட்க மாட்டார்கள். ஸ்காட்லாந்தில் 2011-இல் கேட்ட கேள்வி வேறு மாதிரி. ஸ்காட்ஸ் கேட்டால் புரியுமா, பேசுவீர்களா, படிப்பீர்களா, எழுதுவீர்களா என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டால் விடை இப்படி வரும். பாட்டிக்கு நான்கும் தெரியும், அவர் படித்த காலத்தில் ஊரில் தெலுங்கு வாத்தியார் இருந்தார். அப்பாவுக்கு மூன்று, படிப்பார், எழுத வராது. எனக்கு இரண்டு. நம் கணக்கெடுப்புத் தாளில் மூன்று பேருக்கும் தாய்மொழி தெலுங்கு என்றுதான் பதிவாகும்.